ஒரு நொடிக் காற்றுக்கு நூறு படங்கள்

போன மாதம் அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். இங்கே பெங்களூரில் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வகுப்பில் ஒரு படத்தைத் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்: வெட்டவெளி, பக்கத்தில் வாய்க்கால், ஒல்லியான இரண்டு மரங்கள், நான்கு பேர். திடீரென்று காற்று அடிக்கிறது. ஒருவர் கையிலிருந்த காகிதக் கட்டு பிரிந்து வானமெல்லாம் பறக்கிறது, கழுத்துத் துணி அவர் முகத்தையே மூடிவிட்டது, இன்னொருவரின் தொப்பி எட்டாத உயரத்துக்குப் போய்விட, அவர் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். எவ்வளவு சரியான நொடியில் பொத்தானை அமுக்கியிருக்கிறார் என்று இவள் அசந்துபோயிருக்கிறாள். அப்புறம்தான் ஆசிரியர் சொன்னாராம், அப்படி ஒரு நொடி நடக்கவே இல்லை, நடிக்க ஆள் வைத்து, காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டிச் சேர்த்த படம் அது என்று.

"அப்ப அது பொய்தானே மாமா?" என்றாள்.

வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன், நாலு வரியில் அடங்கவில்லை. இந்தக் கேள்வி நிறைய பேருக்கு வருகிறது, போட்டோ பழக ஆரம்பிக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வந்தே தீரும், அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

அவள் பார்த்த படத்தை எடுத்தவர் ஜெஃப் வால். கனடாவின் வான்கூவரில் 1946-ல் பிறந்தவர், புகைப்படத்தைக் கலையாகச் செய்பவர், இருபது வருஷத்துக்கும் மேலாகப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்தவர். இந்த வகை வேலைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டேஜ்டு போட்டோகிராஃபி' என்று பெயர். தமிழில் நான் 'கட்டிய படம்' என்று சொல்வேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்து நடப்பதைப் பிடிப்பது ஒன்று, ஆள், இடம், உடை, வெளிச்சம் எல்லாவற்றையும் தேர்ந்து அமைத்து, வீடு கட்டுகிற மாதிரி கட்டி, கடைசியில் எடுப்பது இன்னொன்று. பிடித்த படம், கட்டிய படம். அவ்வளவுதான் விஷயம்.

நம் மொழியில் இதைப் புரிந்துகொள்வது சுலபம் என்று எனக்குத் தோன்றும். சுவரில் மாட்டிய ஓவியமும் படம்தான், ஆல்பத்தில் இருக்கிற போட்டோவும் படம்தான், தியேட்டரில் ஓடுவதும் படம்தான். மூன்றுக்கும் ஒரே சொல். தியேட்டரில் அழுதுவிட்டு வெளியே வருகிற யாரும் 'செட் போட்டு எடுத்திருக்கிறார்கள், ஏமாற்றிவிட்டார்கள்' என்று சொல்வதில்லை. போட்டோவிடம் மட்டும் 'நடந்ததைக் காட்டு' என்று அதட்டுகிறோம். ஏன்?

ஒரு காரணம், போட்டோ என்றாலே நாம் மரியாதையாக நினைக்கிற பெரிய பெயர்கள் பிடித்த படத்தின் ஆட்கள். ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோனை எடுத்துக்கொள்ளுங்கள், 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து அந்தக் கடைசி நாட்களைப் படமெடுத்தவர். எல்லாம் கூடிவருகிற அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து பிடிப்பதுதான் அவர் வழி. அந்த வழி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர் படங்களைப் பார்த்துத்தான் நானே கேமரா வாங்கினேன். ஆனால் அது ஒரு வழி, ஒரே வழி இல்லை.

இன்னும் சொன்னால், கட்டிய படம்தான் நம் வீடுகளில் அதிகம் இருக்கிறது. என் பெரியப்பா ஸ்ரீராம்புரத்தில் முப்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவில் நான் அங்கேதான் கிடப்பேன். பின்னால் துணித் திரையில் ஏரியும் மலையும் வரைந்திருக்கும், இந்தப் பக்கம் அட்டையில் செய்த தூண், அதன் மேல் பிளாஸ்டிக் பூ. பெண் பார்க்கக் கொடுக்கிற போட்டோவுக்கு வருகிற அக்காக்களை ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு விரலால் தாடையைத் தொட்டு ஒரு நூல் இறக்கி, தோளைக் கொஞ்சம் திருப்பி, "ஸ்வல்ப ஈ கடெ நோடி" என்று கன்னடத்திலும் "இங்க பாருமா" என்று தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்வார். பவுடர் திட்டாக இருந்தால் தன் கைக்குட்டையைக் கொடுத்துத் துடைக்கச் சொல்வார். படம் எடுத்த பிறகும் வேலை முடியாது, நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்துப் பள்ளங்களை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதற்கு 'டச்சிங்' என்று பெயர், ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அந்தப் படங்களை யாராவது பொய் என்றார்களா? கல்யாண ஆல்பத்தைத் திறந்து பாருங்கள், மாலை மாற்றுகிற படத்தில் பாதி, "சார், இன்னொரு தடவை போடுங்க, இந்தப் பக்கம் பார்த்து" என்று போட்டோகிராபர் கேட்டு இரண்டாம் முறை போட்டதுதான். அதைக் காட்டித்தான் நாற்பது வருஷம் கழித்துப் பேரனுக்குக் கதை சொல்கிறோம்.

கட்டிய படத்துக்கு வயதும் குறைவில்லை. புகைப்படக் கலையை உலகத்துக்கு அறிவித்தது 1839-ல். அடுத்த வருஷமே, 1840-ல், பிரான்ஸில் இப்போலித் பயார் என்பவர் தன்னையே தண்ணீரில் மூழ்கிச் செத்த பிணமாக அமர்த்திப் படமெடுத்தார். அவரும் சொந்தமாக ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார், அரசாங்கமோ பேரையும் பணத்தையும் வேறொரு முறையைக் கண்டுபிடித்த தாகேர் என்பவருக்குக் கொடுத்துவிட்டது, அந்த மனக்குமுறலைச் சொல்லத்தான் இந்தப் படம். பின்பக்கத்தில் அப்படியே எழுதியும் வைத்தார். அதாவது கேமராவுக்கு ஒரு வயது ஆகும்போதே அதை வைத்து ஒருவர் நடித்துவிட்டார், அந்த நடிப்பில் இருந்த வருத்தம் நிஜம்.

சரி, ஜெஃப் வாலுக்கு வருவோம்.

அவர் கேமராவோடு வளர்ந்தவர் என்பதைவிடப் படிப்போடு வளர்ந்தவர் என்பதுதான் பொருத்தம். வான்கூவரில் எம்.ஏ., அப்புறம் 1970 முதல் 1973 வரை லண்டன் கோர்ட்டால்ட் கல்லூரியில் கலை வரலாறு. திரும்பி வந்து பாடம் நடத்தப் போய்விட்டார், முதலில் நோவா ஸ்கோஷியா கலைக் கல்லூரியில், 1976-லிருந்து சைமன் ஃப்ரேஸர் பல்கலைக்கழகத்தில், 1987-லிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். 1977-ல் ஸ்பெயினுக்குப் போய் ப்ராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸ், கோயா என்ற பழைய ஓவியர்களின் படங்களை ஆசை தீரப் பார்த்தார். அந்தப் பயணத்தில் பஸ் நிறுத்தங்களில் இருந்த விளம்பரப் பெட்டிகளும் அவர் கண்ணில் பட்டன, பின்னாலிருந்து ட்யூப்லைட் எரிய முன்னால் படம் மின்னுகிற அதே பெட்டி. பழைய ஓவியம் மாதிரி ஆளுயரப் படம், ஆனால் இந்தக் காலத்துத் தெருவின் வெளிச்சத்தில். அவர் தேடிக்கொண்டிருந்தது கையில் கிடைத்துவிட்டது.

நம் ஊரிலும் அந்தப் பெட்டிகள் இருக்கின்றன, சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த பஸ் நிறுத்தத்தில் நின்றாலும் நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணின் முகத்திலிருந்து வருகிற வெளிச்சம் பக்கத்தில் நிற்கிறவர்களின் கன்னத்தில் விழும், அடுத்த தடவை கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காகிதத்தில் அச்சடித்த படம் வெளிச்சத்தை வாங்குகிறது, பெட்டிக்குள் இருக்கிற படம் வெளிச்சத்தைக் கொடுக்கிறது. ஒளி ஊடுருவுகிற பெரிய ஃபிலிமில் அச்சிட்டு, பின்னால் விளக்கு வைத்து, வால் பல வருஷம் இப்படித்தான் காட்டினார். இதில் என் சொந்த எண்ணம் ஒன்று: அந்தக் காலத்துக் கலை வரலாற்று வகுப்பு என்றால் இருட்டறையில் ஸ்லைடு ஓடும், பழைய ஓவியங்கள் சுவரில் ஒளிரும், வாத்தியார் பேசுவார். படங்களை ஒளியாகவே பார்த்துப் பழகிய ஒருவருக்கு அந்த விளம்பரப் பெட்டி அந்நியமாகத் தெரிந்திருக்காது.

முதல் பெட்டி 1978-ல். ஒரு பெண்ணின் தலைகீழாகிப்போன அறை. மெத்தை கிழிந்து கிடக்கிறது, இழுப்பறைகளெல்லாம் வெளியே, துணியும் செருப்பும் சிதறியிருக்கின்றன. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1827-ல் வரைந்த ஓர் ஓவியம் உண்டு, தோற்ற அரசன் படுக்கையில் சாய்ந்தபடி தன் பெண்களையும் பொருள்களையும் அழிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த ஓவியத்தின் சாய்கோடுகளும் சிவப்பும் இந்த அறையில் அப்படியே இருக்கின்றன, ராஜாவும் இல்லை, பெண்களும் இல்லை, சேதம் மட்டும் இருக்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கதவு. திறந்திருக்கிற கதவு வழியாகப் பார்த்தால் சுவரைத் தாங்கி நிற்கிற முட்டுக்கட்டைகள் தெரியும். செட் என்பதை அவர் மறைக்கவில்லை, உங்களிடமே காட்டிவிடுகிறார். வான்கூவரில் ஒரு கேலரியின் தெருப்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இதை முதலில் வைத்தார், கடை ஷோகேஸ் மாதிரி.

நான் அவரோடு முழுதாக ஒத்துப்போனது 1982-ல் எடுத்த வேறொரு படத்தில். அதைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் சிவாஜிநகரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் வடகிழக்கிலிருந்து வந்து இங்கே படிக்கிற ஒரு பெண், பின்னால் நின்ற இரண்டு பையன்கள் விரலால் கண்ணோரத்தை இழுத்துக் காட்டிச் சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடியில் அது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்ததும் அவள் தாடை இறுகியது, அதைக் கண்ணாடியில் நான் பார்த்தேன். இரண்டு விநாடி. கேமரா பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை, எடுத்திருந்தால் அது அவளுக்கு இரண்டாவது அவமானமாக இருந்திருக்கும். வாயைத் திறந்து அந்தப் பையன்களைக் கேட்டிருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை, இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சில வருஷம் கழித்து ஒரு நூலகத்தில் வாலின் படத்தைப் பார்த்தேன். வெயிலடிக்கிற நடைபாதை, ஒரு வெள்ளைக்காரன் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், பக்கத்தில் ஆசிய முகமுள்ள ஒருவர் தனியாக. வெள்ளைக்காரன் விரலைக் கண்ணோரத்துக்குக் கொண்டுபோகிறான். அதே விரல், அதே கண்ணோரம். வால் அதைத் தெருவில் கண்ணால் பார்த்திருக்கிறார், படமெடுக்கவில்லை. பிறகு தொழில்முறை நடிகர்கள் அல்லாதவர்களை வைத்து அதைத் திரும்ப நடத்தி, பெரிய கேமராவில் எடுத்தார். இரண்டு மீட்டருக்கும் அதிக அகலம், ஆள்கள் கிட்டத்தட்ட ஆளுயரம். படமெடுக்காமல் இருப்பதில்தான் தன் வேலை தொடங்குகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். பார்த்ததை உடனே எடுக்காமல் மனதில் சுமந்து, எது முக்கியம் என்று யோசித்து, அப்புறம் கட்டுவது. தெருவில் நிஜமாக அவமானப்பட்டவரின் முகத்தை அவர் சுவரில் மாட்டவில்லை. ஆனால் அந்தச் செய்கை தப்பவில்லை, எவ்வளவு சின்ன அசைவு, எவ்வளவு சுலபமாக வருகிறது, பக்கத்தில் நடக்கிற தோழி எப்படிக் கவனிக்காமல் இருக்கிறாள் என்பதெல்லாம் நின்று நிதானமாகப் பார்க்கும்படி இருக்கிறது. பஸ்ஸில் நான் பிடித்திருந்தால் இதில் கால்வாசி கூட வந்திருக்காது.

இப்போது அந்தக் காற்றுப் படம். 1993-ல் செய்தது. அதற்கும் மூலம் ஒன்று உண்டு, ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1830களில் ஃபூஜி மலையை வைத்துச் செய்த அச்சோவிய வரிசையில் ஒன்று. வழிப்போக்கர்கள், வளைந்த மரம், பறக்கிற காகிதம், தூரத்தில் ஒரே கோட்டில் ஃபூஜி. வால் அதே காற்றை வான்கூவருக்கு வெளியே ஒரு வயல்வெளியில் அடிக்கவைத்தார். மலை இல்லை, அதற்குப் பதில் வாய்க்காலும் மின்கம்பங்களும். வானம் ஒரே மாதிரி இருக்கிற நாட்களுக்காகக் காத்திருந்து, ஒவ்வொரு ஆளையும், காகிதங்களையும் தனித்தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். கிட்டத்தட்ட நான்கு மீட்டர் அகலம், இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனில் பார்த்தால் 'நல்ல டைமிங்' என்று தள்ளிவிட்டுப் போய்விடுவோம், அந்த அளவில் பார்க்கும்போதுதான் ஒவ்வொரு காகிதமும் எங்கே பறக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார் என்பது உறைக்கும். வாத்தியார் வேலைக்கும் இதற்கும் இருக்கிற உறவு எனக்குத் தெரிவது இங்கேதான்: பழைய படம் ஒன்றைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவர், அதற்கு விளக்கவுரை எழுதுவதற்குப் பதிலாக இன்னொரு படமாகவே எழுதுகிறார்.

அப்படியானால் பொய் எது? இதற்கு எனக்கு ஒரே அளவுகோல்தான், படம் நமக்கு என்ன வாக்குக் கொடுத்தது என்று பார்ப்பது. பத்திரிகையில் வருகிற படம் 'இது இப்படித்தான் நடந்தது' என்று வாக்குக் கொடுக்கிறது. வெள்ளம் வந்த தெருவில் போட்டோகிராபர் ஒரு குழந்தையின் கையில் பொம்மையைக் கொடுத்து உட்காரவைத்து எடுத்தால் அது மோசடி, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வால் அந்த வாக்கைக் கொடுப்பதே இல்லை. 1992-ல் ஒரு படம் செய்தார், ஆப்கானிஸ்தானில் செத்துப்போன சோவியத் வீரர்கள் காயங்களோடு எழுந்து ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தன் சிரிக்கக்கூடச் செய்கிறான். செத்தவன் பேசமாட்டான் என்று நமக்குத் தெரியும், யாரும் ஏமாறப்போவதில்லை. ஏமாறாத பிறகுதான் 'இவர்கள் பேசினால் என்ன பேசுவார்கள்' என்ற எண்ணமே வருகிறது.

இதெல்லாம் எங்கோ கனடா விவகாரம் என்று விட்டுவிட வேண்டாம். நம் பெங்களூரிலேயே புஷ்பமாலா இருக்கிறார். 1956-ல் இங்கே பிறந்து, பரோடாவில் சிற்பம் படித்து, அப்புறம் கேமராவுக்கு முன்னால் தானே வேஷம் கட்டி நிற்க ஆரம்பித்தவர். புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இண்டியா' என்ற வரிசை தமிழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. ரவிவர்மாவின் லட்சுமியாக நிற்கிறார், வேளாங்கண்ணி மாதாவாக நிற்கிறார், பழைய தமிழ் சினிமா ஸ்டில்லில் சாட்டையோடு நிற்கிற நாயகியாக நிற்கிறார், வெள்ளைக்கார அதிகாரிகள் பழங்குடி மக்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தி அளவெடுத்து எடுத்த படங்களின் தோரணையிலும் நிற்கிறார். வரைந்த திரை, அட்டைச் சாமான், கொஞ்சம் அதிகப்படியான மேக்கப், எல்லாம் என் பெரியப்பா ஸ்டூடியோ வாசனை. தொடர்ந்து பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்று புரியும், காலண்டர் சாமியும் சினிமா நாயகியும் மட்டுமல்ல, 'தென்னிந்தியப் பெண் இப்படித்தான்' என்று அளவெடுத்துச் சொன்ன அந்த அரசாங்கப் படமும் யாரோ நிறுத்தி, திருப்பி, கட்டியதுதான். பிடித்த படம் என்று நாம் நம்பியதில் எவ்வளவு கட்டியது என்பதைக் கட்டிய படம் ஒன்று காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவையும் அக்கா மகளிடம் சொன்னேன். சொன்னதைவிட, செய்து பார் என்றேன். நீ பார்த்து, எடுக்க முடியாமல் போன ஒன்றை எடுத்துக்கொள், ஒரு வாரம் கேமராவைத் தொடாதே, நோட்டில் எழுது, யார் எங்கே நின்றார்கள், கை எங்கே இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எல்லாவற்றையும். அவளிடம் ஒன்று இருந்தது. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கத்தில் திடீர் மழை, சாப்பாடு டெலிவரி செய்கிற பையன் ஒருவன் வண்டியை நிறுத்தி, தோளில் இருந்த பெரிய பையைக் கழற்றி, பூக்கார அம்மாவின் தலைக்கு மேல் இல்லை, பூக்கூடைக்கு மேல் பிடித்தானாம். அவள் போனை எடுப்பதற்குள் அந்த அம்மா கூடையை உள்ளே இழுத்துவிட்டார், அவன் போய்விட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசலில் அதைக் கட்டினோம். மாடியிலிருந்து தோட்டத்து ஓஸ் பைப்பில் மழை, அதைப் பிடித்தது நான். டெலிவரி பையனாகப் பக்கத்து வீட்டுத் தம்பி. பூக்காரராக எதிர்வீட்டு அத்தை, முதல் இருபது படத்தில் அவர் சிலை மாதிரி இருந்தார், "சும்மா உக்காருன்னா கைய எங்கடி வைக்கறது" என்று கேட்டார். அக்கா மகள் உடனே ஓடிப்போய் அரைக் கிலோ மல்லியும் நாரும் வாங்கிவந்து கொடுத்தாள். அவ்வளவுதான், அத்தை கேமராவை மறந்துவிட்டார், இரண்டிரண்டு மொட்டாக வைத்து நாரைச் சுற்றிக்கொண்டே, தண்ணீர் பட்டதும் தானாகவே கூடையின் மேல் முழங்கையை வளைத்தார். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாற்பத்தி மூன்று படங்களில் அந்த முழங்கை ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறது, அதில் தம்பியின் பை சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

இந்த ஞாயிறு திரும்பவும் எடுக்கிறாள். அத்தையிடம் அதே சேலையைக் கட்டச் சொல்லியிருக்கிறாள், தம்பிக்குச் சட்டையைத் துவைக்க வேண்டாம் என்று மெசேஜ் போயிருக்கிறது, எனக்கு, ஓஸ் பைப்பைப் போன தடவையைவிட ஒரு அடி தள்ளிப் பிடிக்க வேண்டுமாம்.